காடு சிவப்பாகத் தெரிகிற படிப்பு

பூம்பாறை அண்ணனுக்கு,

போன வாரம் மகளோடு வந்தபோது என் லேப்டாப்பில் கொடைக்கானல் மலையின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், காடு பத்தி எரியுதா?" என்று கேட்டீர்கள். பாப்பா சிரித்துவிட்டாள். அது தீ இல்லை. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இலைகள் நிறையத் திருப்பி அனுப்பும். அதைப் பிடித்துச் சிவப்பு நிறம் கொடுத்துக் காட்டுகிறார்கள். செழித்த செடி நல்ல சிவப்பு, வாடினது மங்கல். உங்கள் பூண்டு வயலும் பயிர் நிற்கும்போது சிவப்புத்தான்.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்டை ஆராயும் படிப்பைப் பற்றிச் சொன்னபோது, "இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல அன்று நேரம் போதவில்லை. கிடைக்கும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்; காடும் தெரிந்த பிள்ளைகள்தான் குறைவு.

காடு தெரிந்தவர்கள் ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் வனப்பரப்பைக் கணக்கெடுக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தழை பத்து சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆக, புல்வெளியில் வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம் ஏறினால் ஏட்டில் காடு கூடும்! 1973 முதல் 2014 வரையிலான படங்களை வைத்து நம் பழனி மலையை ஆராய்ந்தவர்கள், மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைக் கண்டார்கள். வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோப்புகளோ பல மடங்கு பெருகியிருந்தன. மேலிருந்து பார்த்தால் எல்லாம் மரம்தானே.

அல்காரிதம், அல்காரிதம் என்று பாப்பா சொன்னாளே, அது கம்ப்யூட்டர் படத்தைப் பிரித்துப் பார்க்கும் வழிமுறை; அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இது சோலை (மலையில் தானாக வளர்ந்த பழைய காடு), இது பைன், இது புல் என்று படத்தில் பல இடங்களில் நாம் குறி வைத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துப் பழகி மீதி மலையை அது பிரிக்கும். வாட்டில் தோப்பைச் சோலை என்று நாம் குறித்துவிட்டால் மலை முழுக்க அதே தப்பைச் செய்யும், அதுவும் படுவேகமாக. அன்று பாப்பா படத்தைப் பெரிதாக்கி, "காலிபிளவர் மாதிரி குண்டு குண்டா இருக்கே, அது சோலை. சீப்பால வாரின மாதிரி இருக்கறது பைன்" என்றாள். இதைப் பட்டதாரிகளுக்குப் புரியவைக்க எனக்கு அரை நாள் பிடிக்கும்.

மேகம் மூடினால் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோள் அந்த வகைதான்.

சரி, படிப்புக்கு வருவோம். பாப்பா கணக்கு, உயிரியல் இரண்டும் எடுத்திருப்பது நல்லதாகப் போயிற்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் இருக்கிறது, செயற்கைக்கோள் படத்தையும் வரைபடத்தையும் கம்ப்யூட்டரில் ஆராயும் படிப்பு. என் முதல் யோசனை அதுதான். கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் படிக்கட்டும், செயற்கைக்கோள் படப் பாடத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். டேராடூன் ரிமோட் சென்சிங் (தொலையுணர்வு) நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே பாடம் நடத்துகிறது.

ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது போன் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் டிஜிசிஏ என்கிற மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஓரிடத்தில் சேர்ந்து, அப்பாவின் ஒரு போக விளைச்சலைத் தொலைத்தான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முதல் சில வருடம் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். வனத்துறை நிரந்தர வேலை வேண்டுமென்றால் தனியாகத் தேர்வு எழுத வேண்டும். ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையனோடு சம்பளத்தை ஒப்பிட்டு அவளைக் குடையக் கூடாது, அவ்வளவுதான்.

பூண்டு காயப்போட்டு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள். லேப்டாப்பில் கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளைப் போட்டுத் தருகிறேன், அதற்குக் காசு கிடையாது. வருவதற்கு முன் மன்னவனூர்ப் பக்கம் நடந்து, பத்து இடத்தில் என்ன மரம் நிற்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். படத்தில் முதல் குறியை அதை வைத்தே போடலாம்.