ரோபோ அறுவையில் செய்தால் சிறுநீரும் தாம்பத்தியமும் பாதிக்காதா?

38 வயது, ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. மேலே மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி, அடுத்த வாரம் கதிர்வீச்சு, பிறகு ரோபோ அறுவை என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதலில் விந்தணுவைச் சேமித்துவிடுங்கள். இடுப்புக்குக் கொடுக்கும் கதிர் சிதறி விதைகளையும் தொடும். 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி கொடுத்தால், கருத்தரிப்பு மையத்தில் உறைய வைத்துக்கொள்வார்கள். இதை இந்த வாரமே செய்ய வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. வயிற்றில் போடும் துளை சிறிது என்பதால் மட்டும் சிறுநீரையும் தாம்பத்தியத்தையும் நடத்தும் நரம்பு தப்பாது. மலக்குடலைச் சுற்றிய கொழுப்புப் பொதிக்கும் இடுப்புச் சுவருக்கும் நடுவே மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதன் வழியே பிசகாமல் பிரித்தெடுத்தால் கட்டியும் முழுசாக வரும், நரம்பும் பிழைக்கும். ரோபோ அந்த அடுக்கைப் பெரிதாக்கிக் காட்டும், குறுகலான ஆண் இடுப்புக்குள் கை திரும்ப வசதி தரும். ஆனால் 471 பேரைச் சேர்த்து 2017இல் வெளியான ரோலார் ஆய்வில், ரோபோவுக்கும் சாதாரண லேப்ராஸ்கோப்பிக்கும் (கையால் இயக்கும் துளைவழி அறுவை) இடையே சிறுநீர், பாலியல் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கருவியைவிட, தாழ்ந்த மலக்குடல் கட்டிகளை அடிக்கடி செய்யும் சர்ஜனைத் தேடுவது மேல்.

எந்த நரம்பில் அடிபட்டது என்பதை அறிகுறியே சொல்லிவிடும். பெருந்தமனி பிரியும் இடத்திலிருந்து இறங்கும் சிம்பதெடிக் நரம்புகள் விந்து வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் கழுத்தை மூடுகின்றன. இவை கெட்டால் விறைப்பும் உச்சமும் இருக்கும், விந்து மட்டும் வெளியே வராது. பின்னோக்கிப் போய் அடுத்த சிறுநீரில் கலங்கலாக வரலாம். உடலுக்குக் கேடில்லை. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பிலிருந்து வரும் பாராசிம்பதெடிக் நரம்புகள் விறைப்பையும், சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுவதையும் பார்த்துக்கொள்கின்றன. விந்துப்பை, புராஸ்டேட்டுக்குப் பின்னால் இவை மலக்குடலை ஒட்டியே ஓடுகின்றன. அதனால் தாழ்ந்த கட்டிக்கு, அதிலும் முன்பக்கம் இருந்தால், ஆபத்து கூடுதல். நரம்பு அறுபட்டால்தான் பாதிப்பு என்றில்லை. இழுபட்டாலோ கரண்டுக் கருவியின் சூடு பட்டாலோ நரம்பு மாதக்கணக்கில் வேலை செய்யாமல் கிடக்கும்.

யூரின் டியூப் எடுத்த முதல் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். போனதும் ஸ்கேனில் மீதி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 100 மி.லி.க்குள் என்றால் நல்லது. 200ஐத் தாண்டினால் மறுபடி டியூப், அல்லது நீங்களே டியூப் விட்டு எடுக்கப் பழகுவது. "அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதே" என்று விட்டுவிடாதீர்கள். நிரம்பி வழிவதும் அப்படித்தான் தெரியும். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்தால் தசையே தளர்ந்துபோகும். வீட்டில் நீங்களே டியூப் விடுவதானால் சோப்பால் கை கழுவி, ஜெல் தடவி, குறியை மேல்நோக்கிப் பிடித்து, 4–6 மணிக்கு ஒருமுறை. ஒரு தடவைக்கு 400 மி.லி.யைத் தாண்டாதபடி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து 6 மாதத்துக்குள் சரியாகிவிடும். சிறுநீர் எளிதாகப் போக டாம்சுலோசின் கொடுத்திருந்தால் அந்த மாத்திரையே விந்தை நிறுத்தக்கூடும், அறுவையின் மேல் பழி போட்டுவிட வேண்டாம்.

விறைப்பு மெதுவாகத்தான் திரும்பும். ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு. அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. டாக்டர் சம்மதித்தால் விறைப்புக்கான சில்டனாஃபில் மாத்திரை 50 மி.கி., வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்பு. பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மருந்து தாமதமாகவே ஏறும். தூண்டுதல் இல்லாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. ஆறேழு முறை சரியாக முயன்ற பிறகே பலனில்லை என்று முடிவுக்கு வர வேண்டும். அப்புறம் வாக்குவம் பம்பும், குறியில் போடும் அல்ப்ரோஸ்டடில் ஊசியும் இருக்கின்றன. நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் எடுப்பவர்கள் சில்டனாஃபிலைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும்.