அலகைக் கட்டிய ரப்பர் பேண்டை முதலில் அவிழ்த்துவிடுங்கள்

திருவொற்றியூர் கரையில் கிடந்த பறவை கொத்துகிறது என்று அலகைக் கட்டிவைத்திருக்கிறேன், இது நீர்க்காகமா, கடலிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த ரப்பர் பேண்டை உடனே எடுத்துவிடுங்கள். இது நீர்க்காகம் இல்லை, முகமூடி பூபி (Masked Booby) என்ற கடல் பறவை. இந்த இனத்துக்கு வெளியே மூக்குத் துளை கிடையாது. உயரத்திலிருந்து தலைகீழாகக் கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் பறவை, வாய் வழியாகத்தான் மூச்சு விடும். அலகைக் கட்டினால் மூச்சு முட்டிவிடும்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை, அதாவது வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை ஓரம், முகத்தில் கறுப்புப் பட்டை, மஞ்சள் அலகு, வைத்துத்தான் இதை முகமூடி பூபி என்கிறேன். நடுக்கடல் பறவை. எண்ணூர் கழிமுகத்தில் கம்பத்தின் மேல் சிறகை விரித்துக் காயவைக்கிறதே, அந்த நீர்க்காகம் உடம்பு முழுக்கக் கறுப்பு, அலகு நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். இரண்டும் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

பருவக்காற்றில் களைத்துத்தான் இவை பெரும்பாலும் கரை ஒதுங்கும். அதனால் திரும்பக் கடலில் வீசாதீர்கள், வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கண்ணுக்கு நேராக வரும் கொத்து ஆபத்து, முகத்தைத் தள்ளி வையுங்கள். துண்டைப் போர்த்தி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து, கிண்டி வனத்துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.