மண்புழு கேள்வி பதில்: தொட்டிப் புழுவும் வயல் புழுவும்

கேள்வி: மண்புழுவை வெட்டினால் இரண்டாகுமா?

பதில்: ஆகாது. தலைப்பக்கம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளலாம். வால்பக்கம் பெரும்பாலும் செத்துவிடும்.

கேள்வி: உரத்தொட்டிப் புழுக்களை நிலக்கடலை நிலத்தில் விட்டேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. பூச்சிமருந்தா காரணம்?

பதில்: மருந்தே அடிக்காவிட்டாலும் நிலைத்திருக்காது, ஐயா. தொட்டியில் வளர்க்கும் வெளிநாட்டுப் புழுக்களான ஐசீனியா ஃபெட்டிடாவும் யூட்ரிலஸ் யூஜீனியேவும் மட்கும் குப்பையில் வாழ்பவை. வெறும் மண்ணில் அவற்றுக்கு இரை ஏது? தயவுசெய்து நிலத்தில் கொட்டாதீர்கள்.

நிலத்துக்கு வேண்டியது லாம்பிட்டோ மௌரிட்டி போன்ற புழு. வளர்ந்த புழுவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உடலின் 14ஆம் வளையம் முதல் 17ஆம் வளையம் வரை தடித்த பட்டை தெரியும். முட்டைக்கூடு அந்தப் பட்டையில்தான் உருவாகிறது. இது மண்ணையும் இலைதழையையும் சேர்த்துத் தின்று, குருணை குருணையாக எச்சம் தள்ளும். அது காய்ந்தபின் தண்ணீரில் எளிதில் கரையாது. மண்ணுக்குப் பொலபொலப்பு அப்படித்தான் வருகிறது. புழு தோண்டிய வளை வழியே மழைநீரும் காற்றும் வேர்வரை இறங்கும்.

கேள்வி: அப்படியானால் வெளிநாட்டுப் புழு கேடு என்பது சரிதானே?

பதில்: இல்லை. புழு எந்த நாட்டது என்பதைவிட, மேலே குப்பையிலா, மண்ணுக்குள்ளா, எந்த அடுக்கில் வாழ்கிறது என்று கேளுங்கள். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் நாட்டுப் புழுதான். அதுவும் குப்பையில்தான் வாழும். தொட்டிப் புழு தரும் உரம் நல்ல உரம். உரத்தை நிலத்தில் இடுங்கள், புழு தொட்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்கக் காடுகளை அயல் புழுக்கள் கெடுத்ததை மறைக்கிறீர்களே?

பதில்: மறைக்கவில்லை, அது உண்மை. பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த வட அமெரிக்கக் காடுகளில் மண்புழுவே இல்லாதிருந்தது. ஐரோப்பியர் குடியேறியபோது வந்த புழுக்கள் இலைப்படுகையைத் தின்று தீர்த்தன. அதை நம்பியிருந்த செடிகளும் மரக்கன்றுகளும் குறைந்தன. அங்கே பெருங்கேடு செய்தவற்றில் ஒன்றான லும்பிரிகஸ் டெரெஸ்ட்ரிஸ், மண்ணில் ஆழமாக வளை தோண்டும் இனம். உங்கள் உரத்தொட்டியில் இருப்பது அதுவன்று. ஆனாலும் காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் எந்தப் புழுவையும் கொட்டாதீர்கள். மீன்பிடிக்கப் போனவர்கள் மிச்ச இரைப்புழுவைக் கரையில் விட்டதும் அங்கே அவை பரவ ஒரு காரணம்.

கேள்வி: அட்டையும் மண்புழுவும் உறவா?

பதில்: ஆம், இரண்டும் வளைதசைப்புழுக்கள், அதாவது உடல் வளையம் வளையமாக அமைந்த புழுக்கள். அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் இரத்தம் உறையவிடாது. கடிவாயைக் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றில் புழு. என்ன கொடுக்கலாம்?

பதில்: அது வேறு வகைப் புழு. மருத்துவரிடம் காட்டுங்கள், அம்மா.

கேள்வி: ஏக்கருக்கு எத்தனை கிலோ புழு விட வேண்டும்?

பதில்: விடவே வேண்டாம். மேலே இருமுறை சொல்லிவிட்டேன். இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போடுங்கள், ஆழ உழவைக் குறையுங்கள், ஈரம் காக்கப் பாருங்கள். வரப்போரம் பதுங்கியிருக்கும் நாட்டுப் புழு தானே உள்ளே வரும்.