கிடை மாட்டுக்கு எந்தக் காளை ஊசி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மூலைக்கரைப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா காலத்திலிருந்து, வயலுக்குச் சாண உரம் சேர ராத்திரி அடைக்கும் கிடை மாடு வைத்திருக்கிறோம். இப்போது உருப்படி 14. அதில் 9 நாட்டுப் பசு, 3 ஜெர்சி கலப்பு, 2 இன்னும் ஊசி போடாத கிடாரி. பால் கறந்து விற்பதில்லை, கன்று குடிப்பதோடு சரி. கிடைக் கூலியும் கன்று விற்ற காசும்தான் வருமானம். போன வருஷம் நாட்டுக் கிடாரி ஒன்றுக்குச் சினை ஊசி போட்டோம். அன்றைக்குக் கையிருப்பில் இருந்தது எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற பெரிய பால் இனம்) ஊசிதானாம். கன்று வழியிலேயே மாட்டிச் செத்துப்போனது. தாய் மூன்று நாள் எழும்பவில்லை. இப்போது எழும்பி மேய்கிறது. அதற்கு மறுபடி ஊசி போடப் பயமாக இருக்கிறது.

என் சித்தப்பா மகன் அயர்லாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அங்கேயும் கறக்காமல் கன்றுக்கே பாலை விடுகிறார்களாம். ஊசிக்குக் காளை தேர்வதற்குப் பட்டியலைப் பார்த்து நட்சத்திரம் எண்ணுவார்களாம். சாரொலே, லிமோசின், ஆங்கஸ் என்று இறைச்சி மாட்டினங்களைப் படம் படமாக அனுப்புகிறான். ஒவ்வொன்றும் யானைக்குட்டி மாதிரி இருக்கிறது. அந்த ஊசி நமக்குக் கிடைக்குமா? இல்லையென்றால் எங்கள் கிடைக்கு எந்தக் காளை சரி?

அன்புடன்,
ஒரு வாசகர்

---

அன்புள்ள தம்பிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி வேண்டாம். வெளிநாட்டு உறைவிந்தை அரசு அனுமதி இல்லாமல் யாரும் கொண்டுவர முடியாது என்பது ஒரு காரணம். அனுமதி கிடைத்தாலும் உங்கள் மாட்டுக்குப் போடக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். அயர்லாந்துப் பசு 600, 700 கிலோ. உங்கள் நாட்டுப் பசு 200 முதல் 250 கிலோவுக்குள் இருக்கும். பசுவின் எடையில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான் அது சிரமமில்லாமல் ஈனக்கூடிய கன்று. 230 கிலோ பசுவுக்கு அது 16, 17 கிலோ. சாரொலே கன்று பிறக்கும்போதே 40 கிலோவைத் தாண்டும். உங்கள் கிடாரிக்கு நடந்ததும் இதே கணக்குதான். சுத்த எச்.எஃப். கன்று பெரும்பாலும் 35 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ பிறக்கும். கலப்பில் அது கொஞ்சம் இறங்கினாலும், முதல் ஈத்துக்கு நிற்கும் சின்ன மாட்டின் இடுப்பெலும்பு வழி அதற்குப் போதாது. ஊசி போட்ட கையையோ மாட்டையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. காளை தப்பு.

ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அது ஊசியல்ல, ஊசியைத் தேர்கிற முறை. உங்கள் சித்தப்பா மகன் சொல்லும் நட்சத்திரக் கணக்கை அங்கே நடத்துவது அயர்லாந்துக் கால்நடை இனப்பெருக்கக் கூட்டமைப்பு. ஒரு காளைக்கு ஒரு மதிப்பெண் போட்டு அவர்கள் விட்டுவிடுவதில்லை, இரண்டு போடுகிறார்கள். விற்கப்போகும் கன்றுக்குத் தகப்பனாக அது எப்படி என்பது ஒன்று. மந்தையிலேயே தாயாக நிற்கப்போகும் கிடாரிக்குத் தகப்பனாக எப்படி என்பது இன்னொன்று. முதல் கணக்கில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய காளை இரண்டாவதில் ஒன்றோடு நிற்பதுண்டு. சதை போடும் குணமும், வருஷம் தப்பாமல் சினைபிடித்துக் கன்றை வளர்க்கும் குணமும் ஒரே காளையில் சேர்ந்து வருவது அருமை.

அதோடு ஒவ்வொரு காளைக்கும் ஈனும் சிரமம் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருப்பார்கள். கிடாரிக்குத் தனி, ஈன்று பழகிய பசுவுக்குத் தனி. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு விழுக்காடு உண்டு. பத்துக் கன்று பார்த்துச் சொன்ன கணக்கும் ஆயிரம் கன்று பார்த்துச் சொன்ன கணக்கும் ஒன்றாகாது அல்லவா? கிடாரிக்குப் பெரும்பாலும் ஆங்கஸ் மாதிரிச் சின்னக் கன்று தரும் இனம். அதிலும் சிரமம் குறைவு என்று நன்றாக உறுதிப்பட்ட காளை. சாரொலே, லிமோசின் எல்லாம் ஈன்று பழகிய பெரிய பசுவுக்கு. அந்த இரண்டிலும் சினைக்காலம் ஆங்கஸைவிட ஒரு வாரம்போல நீளும், அந்த ஒரு வாரமும் கன்று உள்ளே வளரும். பெல்ஜியன் புளூ என்று இரட்டைத் தசை மாடு ஒன்று உண்டு. தசை வளர்ச்சிக்கு வரம்பு கட்டும் மரபணு அதில் பழுது. சுத்த இனப் பசுக்களுக்கு பெல்ஜியத்தில் வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுப்பதே வழக்கமாகிவிட்டது. படத்தில் அழகாகத் தெரியும் புட்டத்துக்கு மாடு கொடுக்கும் விலை அது.

இனி உங்கள் 14 உருப்படிக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்ற எண்ணத்தை விடுங்கள்.

ஈன்று பழகிய நாட்டுப் பசுக்களில் நல்ல நாலைந்தைத் தாய் வரிசை என்று ஒதுக்குங்கள். எது நல்லது என்பது உங்களுக்கே தெரியும். வருஷத்துக்கு ஒரு கன்று போட்டது, கோடையில் மெலிந்தாலும் மழை விழுந்ததும் தேறியது, கன்றை உதைக்காதது, குளம்பு கெட்டியானது, கிடைக்கு நடந்தால் பின்தங்காதது. இவற்றுக்கு இதே மண்ணின் மாடோ புலிக்குளமோ பொருந்தும். புலிக்குளம் கிடைக்கென்றே வளர்ந்த இனம், பசியும் நடையும் தாங்கும். அந்த ஊசி உங்கள் மாட்டாஸ்பத்திரிக்கு வருமா என்று கேளுங்கள். வராவிட்டால் நல்ல தாய்க்குப் பிறந்த காளைக்கன்று ஒன்றை வேறு கிடையிலிருந்து வாங்கி விடுவதில் ஒரு குறைவுமில்லை. மூன்று வருஷத்தில் அதை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் தன் மகளையே சேரும்.

மீதி நாட்டுப் பசுக்களுக்கு, உடம்பு பெரிதாக இருப்பவற்றுக்கு மட்டும், காங்கேயம். இதுதான் உங்களுக்கு விற்பனைக் கன்றுக்கான காளை. நம் பக்கம் காளைக்கன்று வாங்க வருகிறவர் பார்ப்பது திமிலையும் கொம்பையும் நடையையும். ஜெர்சிக் காளைக்கன்றுக்குத் திமில் இல்லை, வெயிலில் ஏர் இழுக்காது, அதனால்தான் அதற்கு விலையில்லை. காங்கேயக் கலப்புக் கன்று அந்த இடத்தில் நிற்கும். ஆனால் காங்கேயமும் உங்கள் மாட்டைவிடப் பெரிய இனம். அதன் கன்று 20 கிலோவைத் தொடும். ஆகவே கிடாரிக்கு அதையும் போடாதீர்கள்.

காளைச் சீட்டைக் காட்டி ‘தாய் ஒரு ஈத்துக்கு 4,000 லிட்டர் கறந்தது’ என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். பால் பண்ணைக்கு அது தகுதி, கிடைக்கு அது தொந்தரவு. 20 கிலோக் கன்றுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது உடம்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 லிட்டர். நாட்டுப் பசு தரும் இரண்டு மூன்று லிட்டர் அதற்குக் கணக்காக இருக்கிறது. எட்டு லிட்டர் சுரக்கும் மாட்டைக் கன்றோடு விட்டால் கன்றுக்குக் கழிச்சல், மிச்சப் பால் தங்கி மடிநோய். சுரந்த பாலுக்கு ஈடான தீவனம் மேய்ச்சலில் கிடைக்காததால் தாய் எலும்பும் தோலுமாகி மறுபடி பருவத்துக்கே வராது.

அந்த மூன்று ஜெர்சி கலப்பு மாட்டை எங்கே நிறுத்துவீர்கள் என்பதைப் பொறுத்தது மற்றது. அவை பாதி ஜெர்சி என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுத்த ஜெர்சி ஊசி போட்டால் கன்று முக்கால் ஜெர்சி. உண்ணியும் வெயிலும் அதைக் கிடையில் வாழ விடாது. வீட்டோடு கட்டிப் பசுந்தீவனம் போட்டுக் கறப்பதாக இருந்தால் கலப்பின ஜெர்சிக் காளையின் ஊசி போடுங்கள், ரத்தம் பாதியிலேயே நிற்கும். கிடையோடு நடக்கும் என்றால் காங்கேயம். கன்று கால் பங்கு ஜெர்சியாக இறங்கும், அடுத்த தலைமுறை தேறிவிடும்.

கிடாரி இரண்டுக்கும் வயதைப் பார்த்து ஊசி போடாதீர்கள், எடையைப் பாருங்கள். தராசு வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு முனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 48, நீளம் 44 என்றால் ஏறக்குறைய 154 கிலோ. தாய்ப்பசுவின் எடையில் 65 விழுக்காடு வந்தால் ஊசிக்குத் தயார். தாய் 230 கிலோ என்றால் 150 போதும். முதல் ஈத்துக்கு இரண்டுக்கும் உள்ளூர் மாட்டு விந்துதான், மறுபேச்சில்லை.

எப்போது போடுவது என்பதும் காளைத் தேர்வைப் போலவே முக்கியம். நாட்டு மாட்டுக்குச் சினைக்காலம் 285 நாள்போல. தையில் ஊசி போட்டால் ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை முதல் பாதிக்குள் ஈனும். மழை விழுந்து புல் தழைக்கும்போது தாய்க்குப் பால் சுரக்கும். பிசான நெல் அறுத்து மாசி, பங்குனியில் வயலில் கிடை போடும்போது கன்று தாளைக் கடிக்கத் தொடங்கியிருக்கும். பங்குனியில் ஊசி போட்டு மார்கழிக் கடைசியில் ஈன வைத்தால், கன்று வளரும் நாளில் கோடை வந்து எல்லாம் கருகிப்போகும். தையில் போடுவதற்கு ஒரு விலை உண்டு. அடைமழையில் கன்று விழும், காய்ந்த தரையும் கூரையும் இல்லாவிட்டால் சளி பிடித்துச் சாகும். ஒரு சின்னக் கொட்டகை போட்டுவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு கன்று என்றால் 365-இல் 285 போக 80 நாள்தான் மிச்சம். ஈன்று 60 நாள் கர்ப்பப்பைக்கு ஓய்வு, அடுத்த 20 நாளுக்குள் சினை. நாள் முழுக்கக் கன்று மடியிலேயே கிடந்தால் தாய் பருவத்துக்கு வராது. இரண்டாம் மாதத்திலிருந்து கன்றைத் தனியே கட்டி, காலையும் மாலையும் மட்டும் ஊட்ட விடுங்கள். தாதுஉப்பு நாளைக்கு 30 கிராம், கலப்பு மாட்டுக்கு 50.

நாட்டு மாடு பருவத்தைச் சத்தம் போட்டுச் சொல்லாது. பெரும்பாலும் ராத்திரியில் வரும், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். விடியலில் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. பின்பக்கம் வழியும் கோழை கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தொங்க வேண்டும். கலங்கியோ சீழ் கலந்தோ இருந்தால் அந்தப் பருவத்தை விட்டு மருத்துவம் பாருங்கள். கிடையில் வேண்டாத காளைக்கன்றுகளை, சேரும் வயது வருமுன் பர்டிசோ இடுக்கி போட்டுக் காயடித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் காலையில் போட்ட ஊசிக்கு ராத்திரி வேறொருவன் தகப்பனாவான்.

ஊசி போடும் இடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை சில. உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். குச்சியை எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி போட வேண்டும். உள்ளங்கையில் உருட்டுவதும், சட்டைப் பையில் வைப்பதும், சித்திரை வெயிலில் கொதித்த தொட்டித் தண்ணீரில் முக்குவதும் உயிரணுவைக் கொல்லும். துடைத்து, வெட்டி, கால் மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வெட்டுவதற்கு முன் குச்சியின் மேல் அச்சடித்திருக்கும் காளை எண்ணையும் இனத்தையும் கேட்டு, மாட்டின் காது வில்லை எண்ணுக்கு நேரே நோட்டில் எழுதுங்கள். இன்றைக்கு இதை எழுதாவிட்டால் மூன்று வருஷம் கழித்து மகளுக்கு அதே காளை எண் வந்து விழும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. 18 முதல் 24 நாள் வரை மறுபடி பருவம் வருகிறதா என்று கவனியுங்கள். வராவிட்டால் 60 நாளைக்கு மேல் சினைப் பரிசோதனை.

உதகமண்டலத்திலும் தஞ்சாவூர்ப் பக்கம் ஈச்சங்கோட்டையிலும் அரசு உறைவிந்து நிலையங்கள் உள்ளன. ஆனால் உங்கள் மாட்டாஸ்பத்திரிக் கலனில் எல்லா இனமும் எப்போதும் இருக்காது. பசு பருவத்துக்கு வந்த அன்றைக்குப் போய்க் கேட்டால் இருப்பதைத்தான் போடுவார்கள். உங்கள் கிடாரிக்கு வந்த வினை அப்படித்தான் வந்தது. மார்கழியிலேயே போய், எந்த இனம், எத்தனை குச்சி என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேண்டிய ஊசி வரவில்லையென்றால் 21 நாள் பொறுக்கலாம், குற்றமில்லை.

இனி, கன்று மாட்டிச் செத்த அந்தப் பசுவைப் பற்றி. கன்று மாட்டி இழுத்த மாட்டுக்குக் கருப்பை வாயில் கிழிசலோ உள்ளே சீழோ தங்கியிருக்கலாம், மூன்று நாள் படுத்ததில் இடுப்பு நரம்பும் நசுங்கியிருக்கலாம். இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டிப்போய் உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பெலும்பு வழியின் அகலத்தையும் கேளுங்கள். வழியே குறுகல் என்றால் இனி ஊசி வேண்டாம், கிடைச் சாணத்துக்கு நிற்கட்டும். வழி சரியாக இருந்து, நடையில் தள்ளாட்டம் இல்லாமல், இரண்டு பருவம் தெளிவான கோழையோடு வந்து போன பிறகு, மூன்றாவது பருவத்தில் உள்ளூர் மாட்டு விந்து போடுங்கள். ஈனும் நாளில் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குளம்பு முன்னேறாவிட்டால், கயிறு கட்டி நாலு பேர் இழுக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்