தேய்ந்த பழைய நாணயத்தின் தரத்தையும் அச்சுப் பிழையையும் எப்படிப் பார்ப்பது?

நாணயத்தில் மேடான இடங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் தரம். அச்சுப் பிழை என்பது நாணயச் சாலையைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே நடந்த கோளாறு.

பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் உருவம் பொறித்த வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். கை மாறும்போது முதலில் உரசுவது மேடுகள்தான். அதனால் கிரீடம், தாடி, அங்கியில் உள்ள குட்டி யானை ஆகியவற்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். யானையின் உருவம் தெளிவாக இருந்தால் நல்ல தரம். வெறும் திட்டாகத் தெரிந்தால் நிறையப் புழங்கிய காசு. ஆண்டு மட்டும் தெரிகிறது என்றால் கீழ்நிலைத் தரம்தான். ஒரு எச்சரிக்கை: அச்சடிக்கும்போதே அழுத்தம் குறைந்திருந்தாலும் உருவம் மங்கலாக இருக்கும். ஆனால் பளபளப்பு போயிருக்காது.

சரி, பிழைக்கு வருவோம். நாணயத்தில் ஒரு கோடு தெரிகிறது. அது மேடா, பள்ளமா? இதுதான் முக்கியமான கேள்வி. கொழுக்கட்டை அச்சில் விரிசல் இருந்தால் மாவு அதற்குள் புகுந்து, ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் மேடான கோடு விழும். வெந்த பிறகு நகம் பட்டால் பள்ளம்தான் விழும். நாணயமும் அப்படியே. மேடான கோடு பெரும்பாலும் அச்சு விரிசல், பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னால் விழுந்த கீறல். மேடு என்பதால் அச்சு விரிசலும் தேயும். பக்கத்து எழுத்துகள் மழுங்கியிருக்க, அது மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தேய்த்துக் கழுவிய நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் குறைவாகத்தான் கொடுப்பார்கள்.