வழுக்கும் கல்லைக் கம்பியில் நிறுத்துவது எப்படி?

வெள்ளகோவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காங்கேயத்தில் ஒரு சந்திரகாந்தக் கல் வாங்கினேன். முட்டை வடிவம். 25 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரம். அடி தட்டை, மேல்பக்கம் குவிந்திருக்கும். துளை கிடையாது. மோட்டார் வைண்டிங் கடையில் 20 கேஜ் செம்புக் கம்பி வாங்கி, வீடியோ பார்த்து அதைச் சுற்றி டாலர் செய்தேன். மூன்று தடவை செய்துவிட்டேன், இரண்டாம் நாளே கல் கழன்று கையோடு வந்துவிடுகிறது. பின்பக்கம் ஒரு சொட்டு பசை விட்டு ஒட்டிவிடலாமா? கழுத்தில் பச்சையாக வேறு படிகிறது. அதற்கு என்ன செய்வது?"

பசை வேண்டாம். உடனே ஒட்டும் அந்தப் பசை காயும்போது ஆவி கிளம்பி, சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரி படியும். ஒளி ஊடுருவும் கல்லுக்குப் பின்னால் அது படிந்தால் முன்னாலிருந்தே தெரியும். சந்திரகாந்தக் கல்லை வாங்குவதே உள்ளே நகரும் அந்த நிலவொளிக்காகத்தான், அதையே மூடிவிடக் கூடாது.

கல் ஏன் கழல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஈர சோப்பை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் கையை விட்டுத் துள்ளிப் போகும் அல்லவா, அதே கதைதான். உங்கள் கல்லின் மேல்பக்கம் சரிவு. பார்சல் கட்டுவது போல மேலே குறுக்கும் நெடுக்கும் சுற்றினால், இறுக்க இறுக்கக் கம்பி சரிவில் வழுக்கி விளிம்புப் பக்கம் போய்விடும். எனாமல் என்ற மெல்லிய மேல்பூச்சு உள்ள வைண்டிங் கம்பி என்றால் இன்னும் வழுக்கும். கல்லின் சுற்று விளிம்பை முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் அது நிற்கும். அதனால் கல்லைச் சுற்றிக் கட்டுவதை விட்டுவிட்டு, கம்பியில் தனியாக ஒரு கூடு செய்து, அதற்குள் கல்லை உட்கார வைக்க வேண்டும். கூடு முக்கால்வாசி முடிகிற வரை கல் பக்கத்தில் சும்மா இருக்கட்டும்.

அப்புறம் கம்பி. கேஜ் என்பது அதன் கனத்தைச் சொல்லும் எண். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். வீடியோவில் செய்பவர் அமெரிக்கர் என்றால் அவர் சொல்லும் 20 கேஜ் 0.81 மி.மீ. நம் ஊர் வைண்டிங் கடையில் விற்பது பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 20 என்பது 0.91 மி.மீ. ஒரு புள்ளி வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் வளைக்க ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலம் வேண்டும், விரல் நுனிக்கு அது நன்றாகவே தெரியும். கடையில் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். இந்தக் கல்லுக்கு 0.9 சரியான கனம்தான், எனவே வாங்கியது வீணில்லை. எனாமலை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அடுப்பில் காட்டி எரிக்காதீர்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

கூட்டின் கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் மெல்லிய கட்டுக்கம்பிக்கு 0.3 அல்லது 0.4 மி.மீ. போதும். இதற்கு நான் கடைக்கே போவதில்லை. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மி.மீ. செம்பு வயரில் ஒரு சாண் வெட்டி மேல் உறையை உரித்தால், பெரும்பாலும் உள்ளே 14 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. கனமுள்ள வெறும் செம்பு, எனாமல் இல்லாதது. கட்டுவதற்கு இதைவிட இணக்கமான கம்பி கிடைக்காது.

வேலையைத் தொடங்கும் முன் கல்லை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், நெஞ்சுக்கு நேராகச் செங்குத்தாகப் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். சந்திரகாந்தக் கல் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம வகை. பொட்டாசியம் மிகுந்ததும் சோடியம் மிகுந்ததுமான மெல்லிய படலங்கள் மாறி மாறி அடுக்கியிருப்பதால்தான் அந்த ஒளி வருகிறது. படலங்கள் கிடக்கும் கோணத்தைப் பொறுத்து, ஒரு பக்கம் மேலே இருந்தால் ஒளி நடுவில் நிற்கும், தலைகீழாக்கினால் ஓரத்துக்கு ஓடிவிடும். எது மேல் என்று முடிவு செய்து, பின்பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். டாலர் முடிந்த பிறகு இதை மாற்ற வழியில்லை.

கல்லின் சுற்றளவு ஏறக்குறைய 68 மி.மீ. வரும். ஒரு நூலைச் சுற்றி அளந்தும் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு கம்பிகள் மேலே ஒன்றுசேரும் கழுத்துக்கும் சங்கிலி நுழையும் கொக்கிக்கும் இரண்டு பக்கமும் 5 செ.மீ. விட்டால் 17 செ.மீ. ஆகிறது. 18 செ.மீ. நீளத்தில் 0.9 கம்பி மூன்று துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் பழைய துணியில் பிடித்து இரண்டு மூன்று முறை உருவினால் நேராகிவிடும். மூன்றையும் பாய் போலப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்தால் 2.7 மி.மீ. அகலம், அதாவது கல்லின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவுதான் வேண்டும். நடுக்கம்பி கல்லின் விளிம்பில் படும், முன்கம்பி சரிவின் மேல் வரும், பின்கம்பி அடிப்பக்கம் மடங்கும்.

சரியாக நடுவில் கட்டுக்கம்பியால் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்து உட்கார வேண்டும். கட்டின் இரண்டு நுனிகளும் கல் படப்போகும் உள்பக்கத்திலேயே முடியட்டும். வெளியே விட்டால் புடவையையும் துப்பட்டாவையும் இழுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய நுனியைக் குறடால் அழுத்தி, சின்ன அரத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிடுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 16 மி.மீ. தள்ளி இன்னும் ஒவ்வொரு கட்டு. ஆக மூன்று கட்டு. இதைக் கூட்டுவதால் கல் இன்னும் உறுதியாக நிற்கப் போவதில்லை. கட்டுக்கும் கட்டுக்கும் இடையில் கம்பி சுதந்திரமாக இருந்தால்தான் அதை உள்ளே மடக்க முடியும்.

இப்போது பாயைக் கல்லின் வடிவத்துக்கு வளைக்க வேண்டும். இதைக் கல்லின் மேலேயே வைத்து அழுத்திச் செய்யாதீர்கள். வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலில் சந்திரகாந்தக் கல்லின் கடினம் 6 முதல் 6.5 வரைதான். அதைவிட முக்கியம், அது இரண்டு திசைகளில், கிட்டத்தட்டச் செங்கோணத்தில், சுலபமாகப் பிளக்கும். நான் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு கல்லின் விளிம்பில் குறடை வைத்து அழுத்திவிட்டேன். சத்தமே வரவில்லை, உள்ளே மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. அன்றிலிருந்து குறடின் இரண்டு வாய்க்கும் இன்சுலேஷன் டேப் சுற்றாமல் நான் உட்காருவதில்லை. தடித்த மார்க்கர் பேனா மேல் வைத்துக் கட்டை விரலால் வளையுங்கள், அவ்வப்போது கல்லை வைத்துப் பொருத்திப் பாருங்கள். ஒரே இடத்தை மூன்று நான்கு முறை மடக்கி நிமிர்த்த வேண்டாம். செம்பு வளைய வளைய விறைத்துக்கொண்டே போகும், பிறகு ஒடியும்.

இனி செய்வதில் வரிசைதான் முக்கியம். மூன்று முறையும் கல் கழன்றதற்கு இந்த வரிசை தவறியதும் ஒரு காரணமாக இருக்கும். முதலில் பின்கம்பியை மட்டும், கட்டுகளுக்கு இடையில் நான்கு இடங்களில், ஒரு நெல்லின் அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். கல் உட்கார மேடை கிடைத்துவிட்டது. அப்புறம் முன்பக்கமாகக் கல்லை இறக்குங்கள். மேலே இரண்டு பக்கக் கம்பிகளையும் நெருக்கிச் சேர்த்து, கழுத்தில் கட்டுக்கம்பியால் ஏழெட்டுச் சுற்று நல்ல இறுக்கமாகப் போடுங்கள். கழுத்து இறுகிய பிறகுதான் முன்கம்பியைத் தொட வேண்டும். கட்டுகளுக்கு இடையே அதே நான்கு இடங்களில் நகத்தாலோ மூங்கில் குச்சியாலோ நெம்பி, கல்லின் சரிவின் மேல் படிய வையுங்கள். முன்கம்பியை முதலிலேயே மடக்கிவிட்டால் கல் உள்ளே போகாது. போவதற்காகக் கூட்டை விரித்தால் பிடி போய்விடும்.

கழுத்துக்கு மேலே ஆறு நுனிகள் நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டைச் சேர்த்து ஒரு பென்சில் மேல் பின்பக்கமாக மடக்கி, கீழே கொண்டுவந்து கழுத்தைச் சுற்றி முடித்தால் கொக்கி தயார். பென்சில் கனம் இருந்தால் சங்கிலியின் முனை சிரமமில்லாமல் நுழையும். மீதி நான்கில் முன்னால் உள்ள இரண்டை உருண்டை மூக்குக் குறடால் சுருட்டி, கல்லின் மேல்விளிம்பில் படிய வைக்கலாம். அழகுக்கு அழகு, கல்லுக்கு இன்னும் இரண்டு விரல் பிடித்த மாதிரியும் ஆகும். பின்னால் உள்ளவற்றைக் கழுத்திலேயே சுற்றி வெட்டிவிடுங்கள்.

முடிந்ததும் காதருகே வைத்து ஆட்டுங்கள், பின்னாலிருந்து கட்டை விரலால் மெல்லத் தள்ளுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் இன்னும் இடைவெளி இருக்கிறது. அதற்காகப் பிரிக்க வேண்டாம். பின்கம்பியில் கல்லை ஒட்டாத ஓர் இடத்தைத் தட்டைக் குறடின் நுனியால் பிடித்து லேசாகத் திருகுங்கள். கம்பியில் ஒரு சின்ன நெளிவு விழும், அந்த அளவுக்கு நீளம் குறையும், கூடு இறுகும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு நெளிவு போட்டால் அநேகமாகச் சத்தம் நின்றுவிடும்.

கழுத்தில் படியும் பச்சை, வியர்வையும் செம்பும் சேர்ந்து உண்டாகும் உப்பு. சோப்பு போட்டால் போய்விடும், கவலைப்பட ஒன்றுமில்லை. எனாமலைத் தேய்த்து எடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் கூடவே படியலாம். பித்தளைக்கு மாறினாலும் படியும், அதிலும் பெரும்பகுதி செம்புதான். ஜெர்மன் சில்வர் என்று கடையில் கொடுப்பார்கள். அதில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் நிறையப் பேருக்கு அரிப்பைக் கொண்டுவரும், ஆகவே அது வேண்டாம். இதே டாலரை வெள்ளியில் செய்யக் கம்பிக்கு மூன்றரை கிராம், கட்டுக்கம்பிக்குக் கொஞ்சம் என்று எப்படியும் 4 கிராமுக்குள் முடிந்துவிடும். தெரிந்த பத்தரிடம் 92.5 வெள்ளியில் 0.9 கனத்துக்கு இழுத்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் செம்பில் ஒரு முறை கல் அசையாமல் நிற்கிற வரை செய்துவிட்டு, பிறகு வெள்ளிக்குப் போங்கள்.

செம்பு கறுத்தால் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். சந்திரகாந்தக் கல்லுக்கு அதனால் உடனே கெடுதல் இல்லை. ஆனாலும் கரைசல் கட்டுகளுக்கு அடியில் தங்கி மறுபடி பச்சை பூக்கும். எனவே நீரில் நன்றாக அலசி, துணியால் ஒற்றி, வெயிலில் வைக்காமல் காற்றில் உலர விடுங்கள். இதே முறையில் நாளை முத்துக்கோ பவளத்துக்கோ கூடு கட்டினால் புளி, எலுமிச்சை எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சுண்ணாம்பு வகை, புளிப்பில் அரித்துப்போகும்.