ஒரே ஈற்றில் இரு வகைக் கப்பிகள்

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆறு தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் 45 வெள்ளி கொடுத்து ‘கிரீன் கோப்ரா’ என்னும் பாம்புத்தோல் வரி ரக ஜோடி ஒன்று வாங்கினேன். பன்னிரண்டாம் நாளே பெண் மீன் 34 குஞ்சுகளை ஈன்றது. ஆண்கள் 16இல் ஏழுக்கு மட்டுமே உடலில் பாம்புத்தோல் வரி வந்துள்ளது. மற்ற ஒன்பதும் வரியின்றி, வாலில் சிவப்பும் நீலமும் கலந்து நிற்கின்றன. ஆண், பெண் இரண்டிலுமாக ஐந்து குஞ்சுகள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் உள்ளன. இது புதிய ரகம் என்றும், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் கடைக்காரர் கூறுகிறார். இவற்றுக்கு என்ன பெயர்? குஞ்சுகளை எவ்வாறு தரம் பிரிப்பது?

பதில்: மஞ்சள் ஐந்துக்கும் பெயர் சொல்வது எளிது. ஒவ்வொன்றாக வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, பக்கவாட்டில் டார்ச் ஒளி பாய்ச்சிக் கண்ணைப் பாருங்கள். கண் கறுப்பாக இருந்தால் கோல்டன், சிவந்திருந்தால் அல்பினோ. இரண்டுமே ஒடுங்கு பண்புகள் என்பதால், தாயும் தகப்பனும் அதை மறைவாகச் சுமந்திருந்தால்தான் குஞ்சில் வெளிப்படும்.

வரியற்ற ஒன்பதுக்கும் பெயர் கிடையாது. போகிற போக்கில் நீங்கள் எழுதியுள்ள ‘பன்னிரண்டாம் நாளே’ என்பதில்தான் விடை இருக்கிறது. கப்பி கருவைச் சுமப்பது ஏறக்குறைய நான்கு வாரம். ஆகவே இந்த ஈற்று கடைத் தொட்டியிலேயே கருவானது. ஆண் கப்பியின் நிறங்களில் பல, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் வழியாக வருகின்றன என்பதை 1920இலேயே டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட் காட்டிவிட்டார். பாம்புத்தோல் வரியும் பெரும்பாலும் அவ்வழியே வருவதால், கோப்ரா ஆணுக்குப் பிறக்கும் மகன்கள் அநேகமாக அனைத்தும் வரியோடுதான் இருக்க வேண்டும். பதினாறில் ஒன்பது தப்பியிருக்கின்றன என்றால், தகப்பன் ஒன்றல்ல என்பதே பொருள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்தப் பெண் மீன் கன்னியா என்பது. ஒருமுறை இணைசேர்ந்த பெண் கப்பி, அந்த விந்தைப் பல மாதங்கள் உடலில் தேக்கி வைத்து, அடுத்தடுத்த ஈற்றுகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளும். கடையில் ஜோடியாக விற்கப்படும் பெண் மீனை நான் வாங்குவதே இல்லை. அது கலப்புத் தொட்டியில் இருந்ததா என்று கேட்டால், சிரிப்புதான் பதிலாக வரும். கன்னிப் பெண் வேண்டுமென்றால், குஞ்சுகள் பிறந்த இருபதாம் நாள் முதல் தினமும் காலையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கம் உள்ள குதத் துடுப்பைப் பாருங்கள்: பெண்ணுக்கு அது விசிறிபோல் விரிந்தே இருக்கும், ஆணுக்குக் குச்சிபோல் ஒடுங்கத் தொடங்கும். ஒடுங்குவது தெரிந்த அன்றே அந்த ஆணைப் பிரித்துவிட வேண்டும். ஒரே ஒரு ஆணை இரண்டு நாள் கவனிக்கத் தவறியதால் நான் ஒரு கால்வழியையே இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஈன்ற தேதி, பிரித்த தேதி, தகப்பன் இருந்த தொட்டி எண் ஆகியவற்றை எழுதாமல் எந்தத் தொட்டியையும் வைப்பதில்லை. கடைச் சீட்டிலுள்ள பெயரைவிட இந்தக் குறிப்பேட்டையே நான் நம்புகிறேன்.

கடைக்காரர் சொல்லும் ‘புதிய ரகம்’ வியாபாரப் பேச்சு. இன்னும் மோசமானவர்கள், ஆண் ஹார்மோன் கலந்த நீரில் இளங்குஞ்சுகளை விட்டு முன்கூட்டியே நிறமேற்றி விற்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் உடலில் முழு வண்ணம் மின்னினாலோ, பெண்ணின் உடலிலும் ஆணின் வண்ணம் ஏறியிருந்தாலோ, எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டரை மாதம் அண்ணன் தம்பிகளோடு வளர்ந்த உங்கள் 18 பெண்களும் இனப்பெருக்கத்திற்கு உதவா. தாய் அடுத்து ஈனும்போது பெண் குஞ்சுகளை உரிய நாளில் பிரித்து, அவை வளர்ந்தபின் நீங்கள் வாங்கிய அதே ஆணுடன் சேருங்கள். மகன்கள் அனைத்தும் வரியோடு வந்தால், கோப்ரா என்ற பெயரை அந்தத் தொட்டியில் எழுதி ஒட்டலாம். வரியற்ற ஒன்பதையும் அழகு மீன்களாகத் தனித் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வளர்ப்பவர் யாருக்கேனும் கொடுங்கள். லாங்காங்கில் (மழைநீர் வடிகாலில்) ஏற்கெனவே கப்பி நீந்துகிறதே என்று அங்கே கொண்டுபோய் விட வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.